ஊரணிக்குத் தண்ணீர் வரும் வழி: பிள்ளைகளோடு ஓர் அனிமேஷன் குறும்படம் எடுத்த கதை

கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். ஜூலையில் தொடங்கிப் பொங்கல் விடுமுறை வரை, எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேரோடு சேர்ந்து ஓர் அனிமேஷன் குறும்படம் எடுத்தேன். காகிதப் பொம்மைகளைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் படம் பிடித்து, வரிசையாக ஓட்டும் வகை. ஓடும் நேரம் இரண்டு நிமிடம் பத்து விநாடி. கையில் இருந்தவை ஒரு பழைய மடிக்கணினி, ஒரு கைப்பேசி, வீடு வீடாகக் கேட்டு வாங்கிய பழைய கல்யாணப் பத்திரிகைகள் ஒரு சாக்கு. இதையே செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்குப் பயன்படட்டும் என்று, எங்களுக்குக் கை கொடுத்ததையும் எங்கள் காலை வாரியதையும் எழுதுகிறேன்.

முதல் நாளே ஒரு பையன் கேட்டான்: "படம் எடுப்பதெல்லாம் சென்னையில்தானே டீச்சர்?" 1940களில் ஏ.வி.மெய்யப்பன் காரைக்குடியில், தேவகோட்டை ரஸ்தாவில், கொட்டகை போட்டுப் படம் எடுத்ததையும், அந்த ஸ்டூடியோ 1948இல்தான் கோடம்பாக்கத்துக்குப் போனதையும் சொன்னேன். காரைக்குடி பிள்ளைகளுக்குத் தெரிந்த ஊர்தான். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி எழவில்லை.

மாணவர்களுக்கான போட்டி ஒன்றின் அறிவிப்பைப் பார்த்துத்தான் தொடங்கினோம். தலைப்பு தண்ணீர். மூன்று நிமிடத்துக்கு மிகாமல், கட்டாயம் ஒரு செய்தி இருக்க வேண்டும். பிள்ளைகள் ஒரே வாரத்தில் கதை எழுதிக் கொண்டுவந்தார்கள். ஊரணி, அதாவது ஊர்ப் பொதுக்குளம், வாய் திறந்து பேசும். "என்மேல் குப்பை போடுகிறீர்களே" என்று அழும். தாடி வைத்த பெரியவர் ஒருவர் வந்து அறிவுரை சொல்வார். எல்லோரும் திருந்துவார்கள். கடைசியில் திரை முழுக்க ஒரு வாசகம். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வகுப்பில் உரக்கப் படித்தபோது, இரண்டாம் வரியிலேயே முடிவு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பின்வரிசையில் பேச்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

அப்போது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், எங்கள் தெரு ஊரணியில் யாரும் குப்பை போடுவதில்லை. சுற்றிலும் வேலி போட்டிருக்கிறார்கள். ஆனாலும் தண்ணீர் இல்லையே, ஏன்?"

என்னிடம் பதில் இல்லை. ஆகஸ்டில் ஒருநாள் மாலை இடியோடு நல்ல மழை பெய்தது. மழை விட்டதும் பெற்றோருக்குச் சொல்லிவிட்டு, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. ஐம்பது அடி தள்ளி இருக்கும் ஊரணியின் அடிமண் நனைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு பாதம் முழுகும் அளவுகூட நீர் சேரவில்லை.

செட்டிநாட்டு வீட்டைக் கட்டியவர்கள் மழைக்கென்றே ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். நாலாபுறத்து ஓட்டுக் கூரையும் வளவு எனும் உள்கட்டின் நடுவில் உள்ள முற்றத்தை நோக்கிச் சரியும். கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழும். அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்தது போக மிஞ்சியது தூம்பு எனும் வடிகுழாய் வழியாகத் தெரு வடிகாலுக்குப் போகும். அங்கிருந்து, நீர் கொண்டுவரும் கால்வாயான வரத்துவாரி வழியாக ஊரணிக்கு. வீடும் தெருவும் ஊரணியும் ஒரே ஏற்பாடு. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு வெளியூர்க்காரர்கள் நிறைய வருகிறார்கள். தேக்குத் தூண்களைப் படம் பிடிக்கிறார்கள். தூம்பைப் படம் பிடித்த ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நாங்கள் தண்ணீரின் வழியைத் தேடிப் பின்னோக்கி நடந்தோம். வரத்துவாரியின் வாயை ஒரு வீட்டின் கார் ஏறுவதற்காகப் போட்ட கான்கிரீட் மேடை பாதி மூடியிருந்தது. மீதிப் பாதியில் கட்டட இடிபாடு, மணல், சிமெண்ட் சாக்கு. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் குச்சியால் கிளறி ஒரு சாக்கின் முனையைப் பிடித்து இழுத்தான். சாக்கு கிழிந்துகொண்டு வந்தது. அதன் பின்னால் பழுப்பு நிறத்தில் விரல் தடிமனுக்கு ஒரு நீர்க்கோடு கிளம்பி, தயங்கி, ஊரணிப் பக்கம் ஓடத் தொடங்கியது. பதினொரு பேரும் அப்படியே குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள். யாரும் பேசவில்லை. எங்கள் படம் அந்த நீர்க்கோடுதான் என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

அதனால் என் முதல் வேண்டுகோள் இது. செய்தியை எழுதிவிட்டுக் கதை தேடாதீர்கள். சொல்லப்போகும் விஷயம் நடக்கும் இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள், முடிந்தால் அது நடக்கும் நேரத்திலேயே. "குப்பை போடாதே" என்பது எங்கள் ஊரணியைப் பொறுத்தவரை தவறான செய்தி. அதைப் படமாக்கியிருந்தால் அழகாக எடுத்த ஒரு பொய்யாகத்தான் இருந்திருக்கும்.

கதை மறுபடி உருவாக மூன்று வாரம் பிடித்தது. கடைசியில் நின்றது ஒரு பித்தளைக் குடம். அப்பத்தா அதில் ஊரணித் தண்ணீர் எடுக்கிறாள். அடுத்த காட்சியில் அதே குடம் அலமாரியில் அழகுப் பொருளாக நிற்கிறது. பிறகு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வாசலில், விலைச்சீட்டோடு. மழை வருகிறது. கடைவாசலில் ஒதுங்கிய பெண் குழந்தை, குடத்தில் சொட்டும் ஓசை கேட்டுத் திரும்புகிறாள். குடம் நிறைகிறது, தெரு நிறைகிறது. ஊரணி மட்டும் காய்ந்து கிடக்கிறது. அவள் போய் அந்தச் சாக்கை இழுக்கிறாள். நீர்க்கோடு ஓடுகிறது. அவ்வளவுதான் படம். ஒரு வசனம் இல்லை. வசனத்தை விட்டதில் கைவேலையும் குறைந்தது. உதட்டசைவு தேவையில்லை என்பதால் பொம்மைகளுக்கு வாயே வரையவில்லை, கண் மட்டும் போதுமானதாக இருந்தது.

அடுத்தது கணக்கு. இதைப் படம் வரையும் முன்பே கரும்பலகையில் போட்டுவிட வேண்டும். திரைப்படம் விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 நிலைப்படம், ஓடும். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பிரேம் நிறுத்தினால் விநாடிக்கு 12 படம் எடுத்தால் போதும், கண்ணுக்கு அசைவு ஓரளவு சீராகவே தெரியும். போட்டிக்கு மூன்று நிமிடமே உச்சம் என்றாலும் பிள்ளைகளின் முதல் கதை ஆறு நிமிடத்துக்கு நீண்டது. அதற்கு 4,320 படம். ஒரு காலைப்பொழுதில் எங்களால் எடுக்க முடிந்தது ஐம்பது, அறுபது. வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் முக்கால் வருடம் ஆகும். இந்த எண்ணைப் பார்த்ததும், நான் சொல்லாமலேயே தாடிப் பெரியவர் கதையிலிருந்து வெளியேறினார். 130 விநாடிக்கு 1,560 படம். அதிலும் எதுவும் அசையாத இடங்களில் ஒரே படத்தை நீட்டித்தோம். நடையை ஒரு சுற்று எடுத்துத் திரும்பத் திரும்ப ஓட்டினோம். ஏறத்தாழ ஆயிரத்து நூறு படத்தில் வேலை முடிந்தது.

நடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நிறைகுடம் சுமக்கும் அப்பத்தாவை முதலில் சாதாரண ஆளாகவே நடக்க வைத்தோம். குடம் பஞ்சால் செய்ததுபோல் இருந்தது. ஒரு பையன் தன் சொந்த அப்பத்தாவிடம் கேட்டு, அவர் சம்மதத்தோடு ஒரு நிமிடம் காணொளி எடுத்து வந்தான். பார்த்தால், குடம் இடது இடுப்பில் இருக்க உடல் முழுதும் வலப்பக்கம் சாய்கிறது. வலது கை உடலைவிட்டு விலகி வீசுகிறது. எடுத்து வைக்கும் அடி சிறியதாகிறது. பாதம் தரையைத் தேடித் தேடி இறங்குகிறது. அதைப் படம் படமாக நிறுத்திப் பார்த்து எட்டு நிலைகளாக வரைந்தோம். அந்த எட்டுத் துண்டுக் காகிதத்தில்தான் குடத்துக்குக் கனம் வந்தது. எந்த அசைவாக இருந்தாலும் அதைச் செய்து பழகியவரைப் பார்த்து வரைய வேண்டும். மனத்திலிருந்து வரைந்தால் வேறு படங்களில் பார்த்த அசைவுதான் வரும்.

பொம்மைகளைப் பத்திரிகை அட்டையில் வெட்டினோம். செட்டிநாட்டுக் கல்யாணப் பத்திரிகை கெட்டியானது, வளையாது. பளபளப்பான பக்கம் விளக்கு வெளிச்சத்தில் மின்னும் என்பதால் பின்பக்கத்தில்தான் வண்ணம் தீட்ட வேண்டும். தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் மூட்டுகளில் கெட்டி நூலைக் கோத்து இருபக்கமும் முடிச்சுப் போட்டோம். முடிச்சு இறுகினால் கை அசையாது, தளர்ந்தால் தானாகத் தொங்கும். பத்துப் பொம்மை வீணான பிறகுதான் பக்குவம் பிடிபட்டது.

கேமரா நிறுத்த ஸ்டாண்ட் வாங்கப் பணமில்லை. பிளாஸ்டிக் ஸ்டூலின் நடுவில் தூக்குவதற்காக ஓர் ஓட்டை இருக்குமே, அதுதான் எங்களுக்கு உதவியது. மேசைமேல் ஸ்டூல், ஸ்டூல்மேல் கைப்பேசி, ஓட்டை வழியாகக் கீழே பார்க்கும் லென்ஸ், நான்கு காலுக்கு நடுவே எங்கள் உலகம். ஸ்டூலின் கால்களையும் மேசையையும் டேப் போட்டு ஒட்டி, கால் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்து வைத்தோம். ஒருமுறை யாரோ இடித்துவிட்டபோது அந்தக் குறிதான் காப்பாற்றியது. எங்களுடைய இன்னொரு சொத்து ஒரு கண்ணாடிப் பலகை. ஒரு மாணவியின் அப்பா ஆத்தங்குடியில், பூ வேலைப்பாடுள்ள தரை ஓடான பூக்கல் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறார். கண்ணாடிமேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றித்தான் அங்கே கல் செய்வார்கள். பூக்கல்லுக்கு வரும் வழவழப்பு அந்தக் கண்ணாடி தருவது. ஓரம் சிதைந்து ஒதுக்கிப்போட்ட பத்து அங்குலக் கண்ணாடி ஒன்றை, முனைகளைத் தேய்த்து மழுக்கிக் கொடுத்தார். பின்னணிப் படத்துக்கு மேலே நாலு தீப்பெட்டி உயரத்தில் அதை வைத்து, அதன்மேல் தண்ணீரை ஓட்டினோம்.

தண்ணீர் என்பது நீலக் கோலப்பொடி. காகிதத்தில் வெட்டிய தண்ணீர் விறைப்பாக இருந்தது. கோலம் போடுவதில் கைதேர்ந்த ஒருத்தி, கண்ணாடிமேல் பொடியைத் தூவி, காது குடையும் பஞ்சுக் குச்சியால் அரைக்கால் அங்குலம் தள்ளிப் படம் எடுக்கச் சொன்னாள். மறுபடி தள்ளினாள். முன்முனையைக் கூராக்கி, பின்னால் வரும் பொடியை அகலமாக்கினாள். முன்முனை ஒரு கல்லில் முட்டி இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர வேண்டும். அந்த மூன்று விநாடிக்கு முப்பத்தாறு படம், இரண்டு காலைப்பொழுது. தும்மல் வந்தால் எழுந்து அறைக்கு வெளியே ஓடிப்போய்த் தும்முவாள். அன்று தெருவில் எல்லோரும் குந்தி உட்கார்ந்து பார்த்த அந்தத் தயக்கம், திரையில் அப்படியே வந்திருக்கிறது. படத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

மின்விசிறியைப் போட்டால் பொடி பறக்கும், காகிதம் துள்ளும். செப்டம்பர் வெயிலில் விசிறி இல்லாமல் பகலில் உட்கார முடியாது. ஆகவே சனி, ஞாயிறு காலை ஆறரைக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் முடிப்போம். முதலில் ஒரு பழைய வீட்டின் ஆளோடியில் (தாழ்வாரத்தில்), இயற்கை வெளிச்சத்தில் எடுத்தோம். வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுச் சொல்லிவிட்டுக் காவல்காரர் திறந்துவிட்டார். வெளிச்சம் அருமையாகத்தான் இருந்தது. ஓட்டிப் பார்த்தபோது படம் மின்மினிபோல் துடித்தது. ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் மேகம் நகர்ந்திருக்கிறது, சூரியன் ஏறியிருக்கிறது. 212 படம் போயிற்று. பிறகு பள்ளியின் பொருள் அறையில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, ஒரே வகை எல்.இ.டி. விளக்கு இரண்டை இருபுறமும் சாய்வாக வைத்தோம். வெளிச்ச அளவு, குவியம் (ஃபோகஸ்), வெண்மைச் சமநிலை (ஒயிட் பேலன்ஸ்) மூன்றையும் கைப்பேசியில் பூட்டிவிட வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குனிந்தால்கூட வெளிச்சம் மாறும் என்பதால் எல்லோரும் கருநிற உடையில் வந்தார்கள். கைப்பேசி விமானப் பயன்முறையில் இருக்கட்டும். படம் எடுக்கும் நடுவில் அழைப்பு வந்து அதிர்ந்தால் லென்ஸ் இடம் மாறிவிடும்.

இதைவிடச் சிக்கலானது குழு. நன்றாக வரையும் பையன் ஒருவன் இருந்தான். முதல் இரண்டு வாரம் அவன் வரைவான், ஐந்து பேர் அவனைச் சுற்றி நின்று பார்ப்பார்கள். அது குழுப்படம் ஆகாது. ஒரு நாளுக்கு நான்கு பேர் என்று முறை வைத்தேன். ஒருவர் பொம்மையை நகர்த்துவார், ஒருவர் பொத்தானை அழுத்துவார், ஒருவர் முந்தைய படத்தோடு ஒப்பிட்டு "சரி" சொல்வார், ஒருவர் கணக்கு எழுதுவார். "சரி" என்று கேட்காமல் பொத்தானை அழுத்தக் கூடாது. மற்றவர்கள் அடுத்த அறையில் பின்னணி தீட்டுவார்கள், பொம்மை பழுதுபார்ப்பார்கள். இருபது நாளில் எல்லோரும் எல்லா இடத்திலும் உட்கார்ந்துவிட்டார்கள்.

கணக்கு எழுதுவதற்குப் பெரிய பேரேடு ஒன்று வாங்கினோம். வட்டிக்கடையில் வரவு செலவு எழுதும் அதே நீள நோட்டு. காட்சி எண், படம் எண், எந்தக் கை எவ்வளவு நகர்ந்தது, எத்தனை பிரேம் நிறுத்த வேண்டும் என்று கட்டம் கட்டமாக. தனக்கு வரையவே வராது என்று ஒதுங்கி நின்ற பையன் அந்தப் பேரேட்டை எடுத்துக்கொண்டான். நவம்பரில் கைப்பேசியின் நினைவகம் பழுதாகி ஒரு காட்சி முழுதும் அழிந்தது. 140 படம். பிள்ளைகள் சிலர் அழுதார்கள். பேரேட்டைத் திறந்து அவன் வரி வரியாகப் படிக்க, மற்றவர்கள் அதன்படி நகர்த்தினார்கள். முதலில் மூன்று நாள் எடுத்த காட்சி ஒன்றரை நாளில் திரும்ப வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் வீட்டுக்குக் கிளம்பும் முன் படங்களை மடிக்கணினியிலும் பென் டிரைவிலும் நகலெடுத்துவிட்டுத்தான் விளக்கை அணைத்தோம். இதை முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டும்.

படங்களைக் கோத்தது ஓப்பன்ஷாட், ஒலியைத் திருத்தியது ஆடாசிட்டி. இரண்டும் இலவச மென்பொருள்கள். தலைப்பை மட்டும் கணினியில் அடிக்காமல் கையால் எழுதிப் படம் பிடித்தோம். எங்கள் பழைய கணினியில் கொம்பும் காலும் இடம் மாறி விழுந்துகொண்டிருந்தன.

ஒலிக்கு நாங்கள் கொடுத்த நேரம் போதாது என்று இப்போது நினைக்கிறேன். குடம் படியில் உரசும் ஓசை, முற்றத்தில் மழை விழும் ஓசை, குடத்தில் சொட்டும் ஓசை. குடம் நிறைய நிறைய அந்த ஓசையின் சுருதி மாறும். காலிக் குடத்தில் விழுவதற்கும் முக்கால் குடத்தில் விழுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். அதைப் பதிவு செய்ய, போர்வைக்குள் குடத்தையும் கைப்பேசியையும் வைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தார்கள். சினிமாப் பாட்டு வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். உரிமை பெறாத பாட்டு இருந்தால் போட்டியில் தள்ளிவிடுவார்கள். பிள்ளைகளின் கும்மித் தட்டலே பின்னணி ஆயிற்று. குரலும் கைத்தட்டலும் பதிவானவர்களின் பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம் வாங்கி வைத்தேன்.

போட்டிக்கு அனுப்பும் முன் ஆறாம் வகுப்புக்குப் போட்டுக் காட்டினோம். "நன்றாக இருக்கிறதா" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "என்ன பார்த்தாய், சொல்" என்று கேட்டோம். பாதிப்பேர் "அந்தப் பாட்டி ஏன் அழுகிறாள்" என்றார்கள். எங்கள் பாட்டி அழவில்லை. காகித மூக்கின் நிழல் கன்னத்தில் கோடாக விழுந்திருக்கிறது. மாதக்கணக்காகப் பார்த்த எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை. நாற்பது படம் மறுபடி எடுத்தோம்.

போட்டியில் பரிசு கிடைக்கவில்லை. பொங்கல் விடுமுறையில் ஊரணிக் கரையில் இரண்டு கம்பு நட்டு, எட்டு முழ வேட்டியைக் கட்டிப் படத்தைக் காட்டினோம். எழுபது, எண்பது பேர் வந்திருந்தார்கள். முடிந்ததும் இன்னொருமுறை போடச் சொன்னார்கள். மூன்றாம் முறை ஓடியபோது, தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சி கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "தண்ணீர் அந்த ஒரு வாரியில் மட்டும் வராது அப்பச்சி. மேற்கே இன்னொரு வாரி உண்டு. புளியமரத்தடியில் கல் பதித்திருக்கும்" என்றார். பக்கத்தில் இருந்தவர், அது வாரி இல்லை, மிஞ்சிய நீர் வெளியேறும் போக்குக்கால் என்றார். மூன்றாமவர் இருவரையும் மறுத்தார். பேரேட்டுப் பையன் கைப்பேசி வெளிச்சத்தில் கடைசிப் பக்கத்தைத் திறந்து, மூன்று பேர் சொன்னதையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதிக்கொண்டிருந்தான். மறுநாள் காலை ஆறரைக்குப் புளியமரத்தடிக்கு வந்துவிடச் சொல்லிவிட்டு, வேட்டியை அவிழ்த்து மடித்தோம்.